நாளைக்கு வேலை உண்டா? தோப்பும்படிக் கரையில் கவலையும் நிம்மதியும்

கொச்சியின் மட்டாஞ்சேரித் துறைமுகத்தில் ஒரு காலத்தில் ஒரு நாள் வேலை என்பது ஓர் உலோக வில்லை. அதைச் சாப்பா என்பார்கள். சரக்கு ஏற்றி இறக்க எத்தனை பேர் வேண்டுமோ அத்தனை வில்லைகளோடு ஒப்பந்தக்காரரின் ஆள் காலையில் வந்து நிற்பான். காத்திருக்கும் கூட்டத்துக்குள் அவற்றை விட்டெறிவான். முண்டியடித்துப் பொறுக்கியவனுக்கு அன்று கூலி. மற்றவன் வெறுங்கையோடு வீடு திரும்ப வேண்டியதுதான். வில்லையைவிடக் கைகள் எப்போதும் அதிகம். உடல் வலுவும் நேற்றைய உழைப்பும் நாணயமும் எதற்கும் உறுதி தராது. நாளைக் காலை மறுபடியும் அதே கூட்டம், அதே வீச்சு.

இந்த முறையை எதிர்த்து 1953இல் மட்டாஞ்சேரியில் நடந்த வேலைநிறுத்தம் 75 நாள் நீடித்தது. செப்டம்பர் 15 அன்று போலீஸ் சுட்டதில் சைது, சைதலவி என்ற தொழிலாளர்கள் இறந்தார்கள். ஆண்டனி என்ற தொழிலாளி காவலில் பட்ட அடியால் பிறகு இறந்தார். கே. எம். சிதம்பரன் இதை நாடகமாக்கினார். அதிலிருந்து ராஜீவ் ரவி எடுத்த 'துறமுகம்' படம் 2023இல் திரைக்கு வந்தது. சாப்பாவைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் அதன் அவமானத்தைச் சொல்வார்கள், மனிதர்களை நாய்க்கு எலும்பு போடுவதுபோல் நடத்தினார்கள் என்று. அது உண்மை. எனக்கு இந்தக் கட்டுரைக்கு வேண்டியது அதன் இன்னொரு பக்கம்: மனநிம்மதியைக் கெடுப்பதற்கென்றே யாராவது உட்கார்ந்து திட்டம் போட்டிருந்தாலும் இதைவிடக் கச்சிதமாகப் போட்டிருக்க முடியாது.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 2016இல் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். 45 பேரைக் கணினி விளையாட்டு ஒன்றில் உட்கார வைத்தார்கள். திரையில் கற்கள் தெரியும். எந்தக் கல்லுக்கு அடியில் பாம்பு இருக்கும் என்று ஊகிக்க வேண்டும். பாம்பு இருந்தால் கையில் வலிக்கும்படி ஒரு மின்னதிர்ச்சி. வியர்வையையும் கண்ணின் பாவை விரிவதையும் அளந்து, யார் எப்போது எவ்வளவு பதறுகிறார்கள் என்று குறித்துக்கொண்டார்கள். அதிர்ச்சி நிச்சயம் என்று தெரிந்தபோது பதற்றம் உச்சத்தில் இல்லை. வருமா வராதா என்பது சரிபாதியாக இருந்தபோதுதான் உச்சத்துக்குப் போனது. நிச்சயமான வலியை மனிதன் ஓரளவு ஏற்றுக்கொள்கிறான். பாதி வாய்ப்பைத்தான் தாங்க முடிவதில்லை. சாப்பாவுக்குக் கை நீட்டியவன் ஒவ்வொரு விடியலிலும் நின்றது அந்த இடத்தில்தான்.

அதே ஆய்வில் இன்னொரு முடிவும் உண்டு, அதிகம் பேசப்படாதது. யாருடைய பதற்றம் நிலைமையின் நிச்சயமின்மையோடு ஒட்டி ஏறி இறங்கியதோ, அவர்களே பாம்பை நன்றாக ஊகித்தார்கள். ஆக, கவலைக்கு ஒரு வேலை இருக்கிறது. அது வெறும் மனக்கோளாறு அல்ல. 'கவலையை விடுங்கள், மனம் லேசாகும்' என்று புத்தகக் கடைகளில் அடுக்கி வைத்திருக்கும் போதனைகளில் எனக்குள்ள குறை இதுதான். கவலைப்படுகிறவனின் தலைக்குள்தான் கோளாறு இருப்பதாக அவை எடுத்துக்கொள்கின்றன. தலைக்கு வெளியே, யார் கையில் வில்லை இருக்கிறது என்று அவை கேட்பதே இல்லை.

துறைமுகத் தொழிலாளிக்கு நிம்மதி வந்த வழி தியானம் அல்ல. துறைமுகத் தொழிலாளர் வேலைவாய்ப்பை ஒழுங்குபடுத்தும் சட்டம் 1948இல் வந்திருந்தது. தொழிலாளர்களைப் பதிவு செய்து, முறை வைத்து வேலை கொடுத்து, கப்பல் வராத நாளிலும் ஆஜரானதற்கு ஒரு தொகையும் மாதத்துக்கு ஒரு குறைந்தபட்ச ஊதியமும் தர வேண்டும் என்பது அதன்கீழ் வந்த திட்டங்களின் சாரம். கொச்சியிலும் துறைமுகத் தொழிலாளர் வாரியம் அமைந்தது, சாப்பா ஒழிந்தது. வேலை சுலபமாகிவிடவில்லை, மூட்டையின் எடையும் குறையவில்லை. 'நாளைக்கு உண்டா' என்ற ஒரு கேள்வி மட்டும் நீங்கியது. சட்டத்துக்கும் சாப்பா ஒழிந்ததற்கும் நடுவில் மூன்று உயிர்கள் இருக்கின்றன.

மட்டாஞ்சேரியிலிருந்து தெற்கே கொஞ்ச தூரத்தில் தோப்பும்படி. வெல்லிங்டன் தீவிலிருந்து பாலம் இறங்கும் இடம். பாலத்தின் பக்கத்தில் 1978இல் இயங்கத் தொடங்கிய கொச்சி மீன்பிடித் துறைமுகம். விடியுமுன் ஏலம் தொடங்கிவிடும். அங்கே காதில் விழும் பேச்சில் பாதி தமிழ், அதுவும் மலையாளத்தோடு உரசி உரசி வளைந்த குமரி மாவட்டத்து மேற்குக் கரைத் தமிழ். நீரோடி, வள்ளவிளை, சின்னத்துறை, தூத்தூர், இரயுமன்துறை போன்ற ஊர்களின் ஆழ்கடல் மீனவர்களுக்கு நீண்டகாலமாக இதுதான் தொழில் துறை. சுறாவும் சூரையும் தேடித் தூண்டிலும் வலையுமாகப் போகிறவர்கள். ஒரு பயணம் மூன்று வாரம், ஒரு மாதம், சில நேரம் அதற்கும் மேல். மாலத்தீவுப் பக்கம், ஓமன் பக்கம் என்று போவார்கள். டீகோ கார்சியா அருகே பிரிட்டிஷ் அதிகாரிகளிடம் படகோடு பிடிபட்டவர்களும் உண்டு. சாப்பா போய்விட்டது என்றாலும் அதே ஐயம் வேறு உருவத்தில் இந்தக் கரையில் இருக்கிறது. மீன் படுமா, ஏலத்தில் விலை நிற்குமா, டீசல் கணக்குப் போக என்ன மிஞ்சும், போனவர் எப்போது வருவார். கடைசிக் கேள்வியைக் கரையில் இருப்பவர்கள் வாய்விட்டுக் கேட்பது அபூர்வம்.

மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கி முதல் உலகப் போர்க் காலத்தில் பசிபிக்கின் டிரோப்ரியண்ட் தீவுகளில் இருந்தார். அங்கே மீன்பிடிப்பு இரண்டு வகை. உள்காயலில் மூலிகை நஞ்சு கலந்து மீன் பிடிப்பது எளிது, ஆபத்தில்லை, பலன் நிச்சயம். அதற்கு மந்திரச் சடங்கு எதுவும் இல்லை. திறந்த கடலில் பிடிப்பதற்கோ விரிவான சடங்குகள் உண்டு. திறமை எங்கே போதாமல் போகிறதோ அங்கே சடங்கு வருகிறது என்று 1925இல் எழுதினார். கொச்சிக்காரருக்கு இது புதிதல்ல. மட்டாஞ்சேரி மங்காட்டுமுக்கில் காப்பிரி முத்தப்பனுக்கு ஒரு சிறு மேடை இருக்கிறது. 1663இல் டச்சுக்காரர்களிடம் கோட்டையை இழந்த போர்ச்சுகீசியர்கள் புதையலை மரத்தடியில் ஒளித்து, காவலுக்குத் தங்கள் ஆப்பிரிக்க அடிமைகளைக் கொன்று அங்கேயே புதைத்தார்கள் என்பது ஐதீகம். அந்த அடிமைகளில் ஒருவரின் ஆவிதான் முத்தப்பன். மெழுகுவத்தி, சுருட்டு, கள் எல்லாம் காணிக்கையாக வருகின்றன. எல்லா மதத்தவரும் வருகிறார்கள். காயலுக்கு அப்பால் வல்லார்பாடம் மாதா கோயில். படகு கவிழ்ந்து தண்ணீருக்குள் போன மீனாட்சியம்மாவும் கைக்குழந்தையும் 1752இல் மாதாவின் அருளால் மீண்டார்கள் என்ற நம்பிக்கையில், தங்களை மாதாவுக்கு அடிமையாக ஒப்புக்கொடுக்க இன்றும் ஆட்கள் வருகிறார்கள்.

இவற்றை மூடநம்பிக்கை என்று ஒதுக்குவதும், 'பார்த்தீர்களா, பாரம்பரியத்தில் உளவியல் இருக்கிறது' என்று புளகாங்கிதம் அடைவதும் சம அளவு சோம்பேறித்தனம். ராட்கிளிஃப்-பிரவுன் 1939இல் மாலினோவ்ஸ்கியை மறுத்து ஒன்று சொன்னார்: சடங்கு கவலையைத் தணிக்கலாம்; சடங்கே கவலையை உண்டாக்கவும் செய்யலாம். மெழுகுவத்தி ஏற்ற மறந்துவிட்டோமே என்ற நடுக்கம் ஏற்றும் வழக்கம் இல்லாதவனுக்கு வராது. நேர்ச்சை பாக்கி நிற்கும் எந்த வீட்டையும் கேட்டால் தெரியும். சடங்கு கவலைக்கு ஓர் இடத்தையும் நேரத்தையும் கொடுக்கிறது. வாங்கிக்கொண்ட கடனையும் சேர்த்தே கொடுக்கிறது. இடமும் நேரமும் என்ற விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.

பணக்கவலை மனதை என்ன செய்கிறது என்பதற்கு உலகம் முழுக்க மேற்கோள் காட்டப்படும் ஆய்வு நம் விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டக் கரும்பு விவசாயிகளிடம் நடந்தது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபீர், ஜியாயிங் ஜாவோ ஆகியோர் 54 கிராமங்களில் 464 விவசாயிகளைப் பார்த்தார்கள். முடிவு 2013இல் 'சயன்ஸ்' இதழில் வந்தது. கரும்புக்காரருக்கு வருமானம் ஆண்டுக்கு ஒருமுறை மொத்தமாக வருகிறது. ஆலையின் வெட்டு உத்தரவு எப்போது வருகிறதோ அப்போதுதான் அறுவடை என்பதால், ஒரே மாதத்தில் ஒருவர் கையில் காசோடும் பக்கத்து வயல்காரர் கடனோடும் இருப்பார்கள். அறுவடைக்கு முன் 78 சதவீதம் பேர் எதையாவது அடகு வைத்திருந்தார்கள். பின்னால் அது 4 சதவீதம். அதே ஆளுக்கு அறுவடைக்கு முன்னும் பின்னும் யோசனைப் புதிர்களைக் கொடுத்தபோது, முன்னால் மதிப்பெண் குறைவாகவும் பின்னால் கூடுதலாகவும் இருந்தது. ஆள் மாறவில்லை, படிப்பு மாறவில்லை. பணக்கவலை மூளையின் ஒரு பகுதியை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, மிச்சத்தை வைத்துப் பிழைத்துக்கொள் என்கிறது.

இரண்டாம் முறை தேர்வெழுதினால் யாரும் கொஞ்சம் நன்றாகத்தானே எழுதுவார்கள் என்று ஆட்சேபம் எழுந்தது. அறுவடைக்குப் பின் முதன்முறையாக எழுதியவர்களோடும் ஒப்பிட்டோம் என்று ஆய்வாளர்கள் பதில் சொன்னார்கள். விளைவு எவ்வளவு பெரிது என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால் தோப்பும்படியில் ஜூன் மாதத்தில் ஒரு நாள் நடந்தவர்கள் விளைவே இல்லை என்று சொல்லத் துணிய மாட்டார்கள். ஜூன் 9 நள்ளிரவு தொடங்கி ஜூலை 31 வரை கேரளத்தில் விசைப்படகுகளுக்கு இழுவலைத் தடை. 1988இல் ஆரம்பித்த தடை; 47 நாளாக இருந்தது 2018 முதல் 52 நாள். மீன் முட்டையிட்டுப் பெருக அது தேவை என்பதில் கடல் தெரிந்தவர்களுக்கு அதிகம் கருத்து வேறுபாடு இல்லை. கட்டிப்போட்ட படகுகளைப் பார்த்துக்கொண்டு 52 நாள் குடும்பம் நடத்துவது வேறு சங்கதி. பள்ளிக்கூடம் திறக்கும் மாதமும் அதுதான்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். தடைக்காலம் கஷ்டமானது, ஆனால் தேதி தெரிந்தது. அதற்காகச் சேர்த்து வைக்கலாம், கணக்குப் போடலாம். தேதி தெரியாத காத்திருப்பு எப்படி இருக்கும் என்பதை ஒக்கி காட்டியது.

2017 நவம்பர் 29, 30 தேதிகளில் அந்தப் புயல் குமரிமுனையைச் சுற்றி வந்தபோது தூத்தூர் வட்டாரத்து ஆழ்கடல் படகுகள் பல நாள் முன்பே கடலில் இருந்தன. கரையில் கொடுத்த எச்சரிக்கை அவர்களை எட்டவில்லை. படகு வயர்லெஸ்ஸின் எல்லை அவ்வளவுதான். தப்பிய படகுகள் லட்சத்தீவிலும் மகாராஷ்டிர, குஜராத் கரைகளிலும் ஒதுங்கின. எந்தப் படகு ஒதுங்கியது, எது மூழ்கியது என்று நாள்கணக்கில் யாராலும் சொல்ல முடியவில்லை. டிசம்பர் 7 அன்று ஆயிரக்கணக்கானோர் நடந்துவந்து குழித்துறை ரயில் நிலையத்தில் மறியல் செய்தார்கள். அவர்கள் முதன்மையாகக் கேட்டது பணத்தை அல்ல. தேடுங்கள் என்று கேட்டார்கள்.

பாலின் பாஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1970களில், போரில் காணாமல்போன வீரர்களின் குடும்பங்களைப் பார்த்து, தெளிவற்ற இழப்பு என்ற கருத்தை முன்வைத்தார். உடல் கிடைத்தால் அழுது தீர்க்கலாம். கிடைக்காதபோது, அழுதால் துரோகம், அழாமலிருந்தால் பைத்தியம். இதில் மனம் குணமாகாமல் உறைந்து நிற்பது அந்த மனிதரின் பலவீனத்தால் அல்ல, நிலைமையின் இயல்பால் என்பது அவர் வாதம். கிளிநொச்சியில் 2017 பிப்ரவரியிலிருந்து காணாமலாக்கப்பட்ட பிள்ளைகளின் படத்தோடு வீதியோரம் உட்கார்ந்த தாய்மாரிடம் 'மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள்' என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? ஏழு ஆண்டு தகவல் இல்லாதவரை இறந்தவராகக் கொள்ளலாம் என்றது அப்போதிருந்த இந்தியச் சாட்சியச் சட்டம். ஒக்கியில் போனவர்களுக்கு அந்த ஏழு ஆண்டு நிபந்தனையை அரசுகள் தளர்த்தி நிவாரணம் கொடுத்தன. ஒரு சான்றிதழ் துக்கத்தை ஆற்றாது. ஆனால் வங்கிக் கணக்கையும் கடனையும் பிள்ளையின் படிப்பையும் ஏழு ஆண்டு தொங்கலில் விடாமல் காத்தது. அதற்குப் பிறகு, கரையிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தாண்டியும் செயற்கைக்கோள் வழியாக எச்சரிக்கை பெறும் நாவிக் கருவிகள் படகுகளுக்கு வரத்தொடங்கின. பெண்கள் கரையில் சற்றேனும் தூங்குவதற்கு இவையெல்லாம் மருந்து மாத்திரைக்குக் குறையாதவை.

தோப்பும்படியிலிருந்து பள்ளுருத்தி வழியாகத் தெற்கே போனால் செல்லானம். ஒவ்வொரு மழைக்காலமும் கடல் வீட்டுக்குள் வரும் ஊர். சுமார் 344 கோடி ரூபாயில், செல்லானம் துறைமுகத்திலிருந்து புத்தன்தோடு வரை ஏறக்குறைய 7.3 கிலோமீட்டருக்கு நான்கு கால் கான்கிரீட் கட்டைகளை, டெட்ராபாட் என்பார்களே, அடுக்கிச் சுவர் எழுப்பினார்கள். சென்னையிலுள்ள தேசியக் கடலோர ஆய்வு மையம் திட்டத்துக்குத் துணை நின்றது. ஊராளுங்கல் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் வேலையைச் செய்தது. சுவருக்குப் பின்னால் இருப்பவர்களின் ஜூன் மாதம் மாறிவிட்டது. சுவர் முடியும் இடத்துக்கு வடக்கே கண்ணமாலியில் கடல் இன்னும் ஏறுகிறது, சாலை மறியல் நடக்கிறது. ஒரே கடல், ஒரே மக்கள், ஒரே பிரார்த்தனை. கான்கிரீட் மட்டும்தான் வித்தியாசம். கவலை மனதின் குணமா சூழலின் குணமா என்று கேட்பவர்களைப் புத்தன்தோட்டுக்குக் கூட்டிப்போகலாம்.

இவ்வளவு சொன்ன பிறகும் ஒரு மிச்சம் இருக்கிறது. வாரியம் அமைந்து, சுவர் எழும்பி, படகு பத்திரமாகக் கரை சேர்ந்த பிறகும் இரவு இரண்டு மணிக்கு விழித்துப் படுத்திருப்பவர்கள் உண்டு. அதைத் தலைக்குள் இருக்கும் பகுதி என்று தயங்காமல் ஒப்புக்கொள்ள வேண்டும். இதில் உளவியல் கண்டுபிடித்த மிகப் பயனுள்ள விஷயம் வியப்பூட்டும் அளவுக்குச் சாதாரணமானது. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் தாமஸ் போர்கொவெக்கும் கூட்டாளிகளும் 1983இல் வெளியிட்ட முறை: கவலைக்கென்று தினமும் அரை மணி நேரம், ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் ஒதுக்குவது. மற்ற நேரத்தில் கவலை தலைகாட்டினால் அதை விரட்டக் கூடாது. 'உனக்கு மாலை ஆறு மணி' என்று தள்ளிப்போட வேண்டும். ஆறு மணிக்கு உட்கார்ந்து முழுமூச்சாகக் கவலைப்பட வேண்டும், முடிந்தால் அதற்கு என்ன செய்யலாம் என்றும் யோசிக்க வேண்டும். படுக்கை அந்த இடமாக இருக்கக் கூடாது.

விரட்டக் கூடாது என்பதற்குக் காரணம் இருக்கிறது. வெள்ளைக் கரடியை நினைக்காதே என்று சொல்லப்பட்டவர்கள் அதையே நினைத்துக்கொண்டிருந்தார்கள் என்று டேனியல் வெக்னர் 1987இல் காட்டினார். தடுத்தால் திமிறுவது, ஒத்திவைத்தால் பல நேரம் வராமலே போகிறது; ஆறு மணிக்கு உட்கார்ந்தால் பாதிக் கவலை நினைவிலேயே இருக்காது. மெழுகுவத்தி ஏற்றும் சடங்குக்கும் இந்த ஆறு மணிக்கும் உள்ள உறவை வாசகர் கண்டிருப்பார். இதில் நேர்ச்சைக் கடன் இல்லை என்பது கூடுதல் வசதி.

இன்னொன்று எழுதுவது. பேய்லர் பல்கலைக்கழகத்தில் 57 பேரைத் தூங்கப்போகுமுன் ஐந்து நிமிடம் எழுதச் சொன்னார்கள். ஒரு பாதிப்பேர் வரும் நாட்களில் செய்ய வேண்டிய வேலைகளை எழுதினார்கள். மறுபாதி முடித்த வேலைகளை. முதல் கூட்டம் சுமார் ஒன்பது நிமிடம் முன்னதாகத் தூங்கியது. பட்டியல் எவ்வளவு விவரமாக இருந்ததோ அவ்வளவு சீக்கிரம். ஒன்பது நிமிடம் பெரிய வெற்றி இல்லைதான். விழித்துக் கிடப்பவருக்கு அதன் மதிப்பு தெரியும்.

அடிக்கடி பகிரப்படும் எண் ஒன்றைப் பற்றி எச்சரிக்கை வேண்டும். பொதுப்பதற்ற நோய் உள்ள 29 பேர் தங்கள் கவலைகளை எழுதிவைத்து, அவை பலித்தனவா என்று பின்னர் பார்த்ததில் 91 சதவீதம் பலிக்கவில்லை என்று 2020இல் லாஃப்ரினியரும் நியூமனும் வெளியிட்டார்கள். கவலையெல்லாம் வீண் என்பதற்கு இதை ஆதாரமாகக் காட்டுகிறார்கள். அந்த 29 பேருக்கு எழுதிப் பார்த்தது நல்ல மருந்தாகவே இருந்தது. ஆனால் அதை அப்படியே வள்ளவிளைக்கு எடுத்துப் போகக் கூடாது. ஆழ்கடலுக்குப் போனவரின் மனைவிக்கு நூறில் தொண்ணூறு முறை அவர் திரும்பி வருவது ஆறுதல் அல்ல. மிச்சம் எப்படி இருக்கும் என்று அவள் ஊர்க் கல்லறைத் தோட்டம் அவளுக்குச் சொல்லியிருக்கிறது. அவளுக்கு உதவுவது 'பயம் பொய்' என்ற செய்தி அல்ல. எந்த எண்ணுக்குப் போன் செய்தால் படகின் இருப்பிடம் தெரியும், அடுத்த தகவல் எந்த நாளில் வரும் என்பதுதான். அந்த நாள் வரை ஒத்திவைக்க அப்போது அவளால் முடியும்.

கவலை ஆறு மாதத்துக்கு மேல், பெரும்பாலான நாட்களில், தூக்கத்தையும் வேலையையும் கெடுத்துக்கொண்டு நின்றால் அது நோயின் எல்லைக்கு வந்துவிட்டது. வைத்தியரிடம் போக வேண்டும். டெலி-மானஸ் 14416 என்ற அரசு எண் 2022 முதல் தமிழிலும் மலையாளத்திலும் பேசுகிறது. மருத்துவர் இல்லாத இடத்தில் பயிற்சி பெற்ற சாதாரண ஆட்களே பேசிக் குணப்படுத்த முடியும் என்பதைக் கோவாவில் விக்ரம் படேல் குழுவினர் செய்த ஆய்வுகள் காட்டியுள்ளன.

தேதி தெரிந்த அந்த 52 நாளுக்கு ஓர் ஏற்பாடு இருக்கிறது. சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் மீனவர் மாதாமாதம் கட்டிச் சேர்ப்பது மொத்தம் 1,500 ரூபாய். மாநில அரசு 1,500, மத்திய அரசு 1,500 சேர்த்து மொத்தம் 4,500, பஞ்ச கால மாதங்களில் தவணையாகக் கைக்கு வரும். ஒரு குடும்பத்துக்கு அது காணாது. ஆனாலும் எப்போது, எவ்வளவு என்று தெரிந்த பணம். அதைப் பெறப் பதிவு வேண்டும். தோப்பும்படியிலிருந்து புறப்படும் படகுகளில் இப்போது ஒடிசாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் வந்தவர்கள் வலை இழுக்கிறார்கள். மீனவர் என்ற பதிவு அவர்களில் மிகப் பலருக்கு எந்த மாநிலத்திலும் இல்லை. ஜூன் 10ஆம் தேதி காலையில் அடுத்த கூலி எந்த ஊரில், எந்த வேலையில் என்பது அவர்களுக்குத் தெரியாது.